திரும்பும் தேதி

கடல் கடந்து போவது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ‘சபர்’ என்ற சொல்லைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை இராது. கொழும்பு சபர், கல்கத்தா சபர், பர்மா சபர் என்று நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் புறப்பட்டுப் போனார்கள். பெட்டி கட்டிக்கொண்டு போனவர் ஆண். வாசலில் நின்று துஆச் செய்து வழியனுப்பியவர் பெண். அதிலும் எம் ஊராகிய காயல்பட்டினத்தில், திருமணம் ஆனாலும் பெண் தன் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து, அதே வீட்டிலேயே கண்மூடும் பெண்கள் எம் ஊரில் இன்றும் உண்டு.

அத்தகைய குடும்பமொன்றிலிருந்து 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு பெண்பிள்ளை கடல் கடந்தாள். பொருள் ஈட்டுவதற்காக அன்று, பொருளாதாரம் கற்பதற்காக. அவள் எம் மகள். அந்தப் பயணத்துக்கு நாம் உடன்படாமல் நின்றதையும், பின்னர் உடன்பட்டதையும் இங்கே எழுதுகிறோம். எமக்குப் பெருமை சேர்க்கும் கதை அன்று இது. ஆயினும், நாம் நின்ற அதே இடத்தில் இன்று நிற்கும் பெற்றோர் இந்த ஏட்டின் வாசகர்களிடையே இருப்பார்கள் என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

இரண்டே ஆண்டில் திரும்பிவிடுவதாக உம்மாவிடம் சொல்லிவிட்டு, 1996இல் நாம் இங்கிலாந்து வந்தோம். லெஸ்டர் நகரில் உறவினர் ஒருவரின் மளிகைக் கடையில் கணக்கெழுதத் தொடங்கி, நாளடைவில் சொந்தமாக ஒரு சிறு கடை வைத்தோம். மகனும் மகளும் இங்கேயே பிறந்தார்கள். மகன் பொறியியல் படித்தான். மகள் 2021இல் பொருளாதார இளநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். வணிகவியல் படித்த எமக்கு அதில் தனி மகிழ்ச்சி. கடைக் கணக்கைத் தாண்டி உலகக் கணக்கைப் படிக்கிறாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டோம்.

இங்கிலாந்தில் இந்தப் பட்டப் படிப்பு வழக்கமாக மூன்று ஆண்டு. ஆண்டுக்கு 120 கிரெடிட் வீதம் மொத்தம் 360 கிரெடிட். முதலாண்டில் நுண்ணியல் பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், கணிதம், புள்ளியியல். இரண்டாம் ஆண்டில் அவற்றின் ஆழமும் பொருளாதார அளவையியலும். இறுதியாண்டில் விருப்பப் பாடங்களும் ஓர் ஆய்வுரையும். இவற்றோடு மற்றொரு வழியும் உண்டு. விரும்பும் மாணவர், இரண்டாம் ஆண்டுக்கும் இறுதியாண்டுக்கும் இடையே, தம் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படிக்கலாம். அப்போது படிப்பு நான்கு ஆண்டாகிறது. வெளிநாட்டில் படித்த ஆண்டு என்பது பட்டத்தின் பெயரிலேயே சேர்கிறது. எம் மகள் படித்த இடத்தில், அந்த ஆண்டின் பாடங்களில் தேறியாக வேண்டும். ஆனால் அந்த மதிப்பெண்கள் இறுதி வகுப்பு நிர்ணயத்தில் சேரா.

ஐரோப்பாவில் இத்தகைய மாணவர் பரிமாற்றத்துக்காக ‘எராஸ்மஸ்’ என்ற திட்டம் 1987இல் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன், அதனின்றும் விலகி, 2021இல் ‘டூரிங்’ என்ற தன் சொந்தத் திட்டத்தை ஏற்படுத்தியது. பல்கலைக்கழகங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் பல தொடர்ந்தன. ஆகவே வழி அடைபடவில்லை. விண்ணப்பத் தாள்கள்தாம் கூடின.

இனிப் பணத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். எம் மகள் சேர்ந்தபோது ஆண்டுக் கட்டணம் 9,250 பவுன். பெரும்பாலான மாணவர் அரசுக் கடன் பெற்றுப் படிக்கிறார்கள். வேலைக்குப் போய்க் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானம் வந்த பிறகே திருப்பிக் கட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கடனுக்கு முதல் தவணை கொடுக்கப்பட்ட நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது. இதுபற்றி இங்குள்ள ஆலிம்களிடையே இருவகைக் கருத்து நிலவுகிறது. வட்டியில்லா மாற்று வழி ஒன்றுக்காக 2014இல் அரசு மக்கள் கருத்தைக் கேட்டது; 2017இல் அதற்கு அதிகாரமளிக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் எம் மகள் பட்டம் பெற்ற 2025 வரையில் அது எந்த மாணவர் கைக்கும் எட்டவில்லை. நாம் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். கடைச் சேமிப்பும், எம் மைத்துனர் மனமுவந்து கொடுத்த கர்ளன் ஹஸனாவும் சேர்ந்தே இரு பிள்ளைகளின் கட்டணங்களையும் கட்டின. ஆகவே எம் வீட்டில் ஒவ்வொரு பவுனுக்கும் கணக்கு உண்டு.

2022 நவம்பரில், இரண்டாம் ஆண்டு தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, மகள் வந்து உட்கார்ந்தாள். ஹாலந்து நாட்டின் ரோட்டர்டாம் நகரில் ஓராண்டு படிக்க இடம் இருக்கிறது என்றும், விண்ணப்பிக்கப் பத்து நாட்களே உள்ளன என்றும் சொன்னாள். “சட்டப்படி உங்கள் கையெழுத்து தேவையில்லை வாப்பா. ஆனால் நீங்கள் சரியென்று சொல்லாமல் நான் எழுதமாட்டேன்” என்றாள்.

நாம் உடனே மறுக்கவில்லை. மறுப்பதற்கு எம்மிடம் அதைவிட நாகரிகமான வழி இருந்தது. “பணத்துக்கு என்ன செய்வது? கணக்கு எழுதிக்கொண்டு வா” என்றோம். கணக்கே அவளைத் தடுத்துவிடும் என்று நம்பினோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள். முதல் வரியைக் கண்டதுமே எம் நம்பிக்கை ஆட்டம் கண்டது. வெளிநாட்டில் முழு ஆண்டும் படிக்கும் மாணவரிடம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் வழக்கமான உச்சக் கட்டணத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வாங்க இயலாது. ஆகவே அந்த ஆண்டுக்கு 1,385 பவுன்தான். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியே கட்டணம் இல்லை. அடுத்து அறை வாடகை, உணவு, பயணம்; அவற்றுக்கு எதிராக டூரிங் திட்டத்தில் கிடைக்கக்கூடிய உதவித் தொகை, விடுமுறையில் கடையில் வேலை செய்து அவள் சேர்த்திருந்த பணம். கடைசி வரியில், நாம் நினைத்தே இராத ஒன்றை அவளாகவே எழுதியிருந்தாள்: ஓராண்டு தாமதமாக வேலைக்குப் போவதால் இழக்கும் சம்பளம்.

“இதை வாய்ப்புச் செலவு என்பார்கள் வாப்பா. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிறோமே, அதுவும் விலைதான். எழுதாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இராது” என்றாள்.

நாம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டோம். “இதைப் பார்த்தாயா? இதுதான் பெரிய நட்டம். ஓராண்டுச் சம்பளம் சும்மா போகிறது. இதற்காகத்தான் யோசிக்கிறோம்” என்றோம்.

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் அதே வரிசையில் இன்னொரு கணக்கு இருந்தது. அது அவள் அண்ணனுடையது. மகன் மூன்றாண்டில் முடித்திருக்கக்கூடிய பொறியியலை, முதுநிலையும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பாகப் படித்தான். 2019-20இல் அந்த நான்காம் ஆண்டுக்கு நாம் கட்டிய முழுக் கட்டணம் 9,250 பவுன். அதற்கும் கீழே இழந்த சம்பளம் என்ற வரி எழுதப்பட்டிருந்தது.

“காக்காவுக்கு நான்காம் ஆண்டு வந்தபோது இந்தக் கடைசி வரியை வீட்டில் யாராவது கேட்டார்களா, வாப்பா?”

நாம் பதில் சொல்லவில்லை. அவள் குரலை உயர்த்தவுமில்லை. வகுப்பில் நடந்த பாடம் ஒன்றைச் சொன்னாள். பால் சாமுவல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலார் 1938இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர் மனத்தில் எதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று உள்ளே புகுந்து பார்க்க முடியாது. அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பதை மட்டுமே பார்க்க முடியும். அதிலிருந்தே அவர் விருப்பத்தை அறிய வேண்டும் என்பது அதன் சாரம். 1948இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையோடு ‘வெளிப்படுத்தப்பட்ட விருப்பம்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. மளிகைக் கடைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சர்க்கரையைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே அல்வா வாங்கிப் போகும் வாடிக்கையாளர் எத்தனை பேரை நாம் கண்டிருக்கிறோம்! வாயில் இருப்பது ஒன்று, கூடையில் இருப்பது ஒன்று. அன்று எம் கூடையை எம் மகள் எம் முன்னாலேயே திறந்து காட்டினாள்.

கோபம் வந்தது. உண்மை சுடும்போது வரும் கோபம் அது. தாளை அங்கேயே போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டோம்.

அன்றிரவு எம் துணைவியார் சொன்னது இது: “நீங்கள் பயப்படுவது பணத்துக்கு இல்லை. பயத்துக்குப் பணம் என்று பேர் வைத்திருக்கிறீர்கள். பயத்தையே நேராகச் சொன்னால் அவளும் நேராகப் பதில் சொல்லுவாள். கணக்கைச் சொன்னால் கணக்கில்தான் மடக்குவாள்.”

அவர் சொன்னது சரி. எம் பயம் வேறு. தனியாக ஒரு பெண்பிள்ளை, அறிமுகமில்லாத நாடு, ஊரார் என்ன கேட்பார்கள், சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன நினைப்பார்கள், அவள் போகும்போது இருந்தவளாகவே திரும்புவாளா? இவற்றுள் ஒன்றையேனும் அந்தத் தாளில் எழுத முடியாது. எழுத முடியாததனாலேயே நாம் எண்களுக்குப் பின்னால் ஒதுங்கினோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஊருக்குத் தொலைபேசினோம். எம் உம்மாவுக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. பிறந்த வீட்டை விட்டு வேறு வீட்டில் குடியிருந்தறியாதவர். செய்தியைச் சொன்னோம். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லின் நிழலில் நாமும் நின்றுகொள்ளலாம் என்ற ஆசையோடுதான் சொன்னோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “எப்ப திரும்பி வருவாளாம்? தேதி இருக்கா?”

2024 ஜூலை முதல் வாரத்தில் படிப்பாண்டு முடிகிறது என்றோம்.

“உன் வாப்பா கொழும்பு சபர் போனப்போ நீ என் வயித்துல. திரும்பி வந்தப்போ நீ நடந்துபோய் ஸலாம் சொன்னே. எந்த மாசம் வருவாஹ, எந்த வருசம் வருவாஹன்னு ஒருத்தருக்கும் தெரியாது. கடுதாசி வந்தா உசிரோட இருக்காஹன்னு தெரியும், அவ்வளவுதான். இவ தேதி சொல்லிட்டுப் போறா. தேதி சொல்லிட்டுப் போற பிள்ளைக்கு என்னத்துக்கு மனே பயப்படுறே?”

அதற்கு மேல் நாம் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை மகளை அழைத்து, எம் பயங்களை வரிசையாக, வெட்கத்தை விட்டுச் சொன்னோம். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பெண்கள் மட்டும் தங்கும் குடியிருப்பில் இடம் பார்ப்பாள். இரவு தோறும் பேசுவாள். இரு விடுமுறைகளிலும் வீட்டுக்கு வருவாள். சம்பந்தம் பேச வருபவர்களைப் பற்றிய கேள்விக்கு மட்டும், “படிக்கப் போனதைக் குறையாக நினைப்பவர் வராமலிருப்பதே நல்லது வாப்பா” என்று சொல்லிச் சிரித்தாள். விண்ணப்பம் கடைசி நாளுக்கு முந்தின நாள் போயிற்று.

2023 ஆகஸ்டு இறுதியில் நாமே அவளைக் கொண்டுபோய் விட்டோம். விமானம் இருக்க, கப்பலில்தான் போக வேண்டும் என்றாள். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் மாலையில் ஏறினால் காலையில் ரோட்டர்டாம் துறைமுகப் பகுதியில் இறங்கலாம். இரவு மேல்தளத்தில் நின்றபோது எம் வாப்பாவை நினைத்தோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலத்தில் போனவர் அவர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அதுதான் வழி. அவர் பெட்டியில் துணிமணியும் பலகாரமும் இருந்தன. எம் மகளின் பெட்டியில் புத்தகமும், அவள் உம்மா இடித்துக் கொடுத்த மசாலாப் பொடியும் இருந்தன.

ரோட்டர்டாம், பொருளாதாரம் படிப்போர்க்குச் சிறப்புடைய ஊர். ஜான் டின்பெர்கன் 1933 முதல் 1973 வரை அங்கே பேராசிரியராக இருந்தார். பௌதிகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். பின்னர் பொருளாதாரத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பியவர். ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார். பொருளாதாரத்துக்கான நோபல் நினைவுப் பரிசு முதன்முதலாக 1969இல் வழங்கப்பட்டபோது, அதை நார்வே நாட்டு ராக்னர் ஃபிரிஷ்ஷுடன் பகிர்ந்துகொண்டார். அரசுக்கு எத்தனை குறிக்கோள்கள் உண்டோ, குறைந்தது அத்தனை கருவிகளாவது வேண்டும். ஒரே கருவியைக் கொண்டு இரண்டு தனித்தனிக் குறிக்கோள்களை அடைய முடியாது என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. மகள் இதைத் தொலைபேசியில் விளக்கியபோது நாம் எம்மைத்தான் நினைத்துக்கொண்டோம். பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும், பிள்ளை அறிவில் வளர வேண்டும் என்ற இரண்டு குறிக்கோள்களுக்கும் ‘போகாதே’ என்ற ஒரே கருவியையே நாம் கையில் வைத்திருந்தோம்.

அங்கே படிப்பு முறையும் வேறு. ஆண்டை எட்டெட்டு வாரங்கள் கொண்ட ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தேர்வு வைக்கிறார்கள். இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 120 கிரெடிட் என்றால் ஐரோப்பியக் கணக்கில் அது 60. மதிப்பெண் பத்துக்கு, ஐந்தரை எடுத்தால் தேர்ச்சி, பத்து வாங்குவோர் அபூர்வம். முதல் பகுதியில் ஒரு பாடத்தில் எம் மகளுக்கு 5.6 வந்தது. எழுபதும் எண்பதும் பார்த்துப் பழகிய பிள்ளை அன்றிரவு தொலைபேசியில் அழுதாள். ‘திரும்பி வந்துவிடு’ என்ற சொல் எம் நாக்கு நுனிவரை வந்தது. “தேறிவிட்டாய் அல்லவா? தூங்கு. காலையில் எங்கே தவறியது என்று பார்” என்று மட்டும் சொன்னோம். நாம் செய்த நல்ல காரியங்களுள் அதுவும் ஒன்று என்று எண்ணுகிறோம்.

வெளிநாட்டில் படித்தால் வெளிநாட்டைப் பற்றித்தான் தெரியும் என்று நாம் நினைத்திருந்தோம். நடந்தது வேறு. ஹாலந்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அணையும் கரையும் இல்லையேல் ஊர் இல்லை. கரை என்பது பொதுப் பண்டம்: என் வீட்டை மட்டும் காப்பாற்று, பக்கத்து வீட்டை விட்டுவிடு என்று கரையிடம் சொல்ல முடியாது. அப்படியானால், நான் ஏன் பணம் தர வேண்டும், அவர் தரட்டுமே என்று ஒவ்வொருவரும் ஒதுங்கலாம். எல்லாரும் ஒதுங்கினால் எல்லாரும் மூழ்குவர். இந்தச் சிக்கலுக்கு அந்நாட்டு மக்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே விடை கண்டார்கள். நீர் வாரியங்களை அமைத்தார்கள். அவற்றுக்குத் தனி வரி, தனித் தேர்தல். இன்றும் அத்தகைய 21 வாரியங்கள் இயங்குகின்றன.

இதைப் படித்த அன்று அவள் கேட்டாள்: “நம் நாட்டில் ஏரி குளங்களை யார் பார்த்துக்கொண்டார்கள் வாப்பா?”

இருபத்தேழு ஆண்டாக லெஸ்டரில் இருக்கும் எம்மிடம் எம் மகள் கேட்ட முதல் தமிழ்நாட்டுக் கேள்வி அது! குடிமராமத்தைப் பற்றிச் சொன்னோம். பாசனத்தால் பயன்பெறுவோர் வீட்டுக்கு ஓராள் வந்து தூர்வாரியதையும், கரை உடைந்தால் ஊரே மண் சுமந்ததையும் சொன்னோம். அவள் நூலகத்தில் தேடி, அந்த வழக்கத்தைக் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டதையும், 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியதையும் எமக்கே சொன்னாள். ஹாலந்துக் கரையையும் தமிழ்நாட்டுக் குளத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினாள். அதற்கு 8 மதிப்பெண் கிடைத்தது. லெஸ்டரில் இருந்தவரை தன் பாட்டன் ஊரைப் பற்றி அவளுக்குக் கேள்வியே எழவில்லை. ரோட்டர்டாம் போனபின் எழுந்தது.

இதில் வியப்பில்லை. துனிசில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், ஃபெஸ், கிரனாடா, கெய்ரோ என்று பல ஊர்களில் வாழ்ந்தவர். விலை, உழைப்பு, வரி ஆகியவற்றைப் பற்றிப் பொருளியலார் இன்றும் எடுத்துப் பேசும் கருத்துகளைத் தம் ‘முகத்திமா’வில் 1377இல் எழுதினார். அதே நூலில், கல்வியை நாடிப் பயணம் செய்வதும், ஆசிரியர்களை நேரில் சந்திப்பதும் கல்வியை முழுமையாக்கும் என்று ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். நம் காலத்திலும் சான்று உண்டு. 1953இல் கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படிக்கப் போன இரு இளைஞர்கள் அங்கே நண்பர்களானார்கள். ஒருவர் கல்கத்தாவிலிருந்து போன அமர்த்திய சென்; மற்றவர் லாகூரிலிருந்து போன மஹ்பூபுல் ஹக். ஒரு நாட்டின் வளர்ச்சியை வருமானத்தால் மட்டும் அளக்காமல் ஆயுள், கல்வி ஆகியவற்றாலும் அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீடு 1990இல் ஹக்கின் முயற்சியால் வெளிவந்தபோது, அதில் சென்னின் உதவியும் இருந்தது. எல்லைக்கு இரு பக்கமும் இருந்த இருவரை மூன்றாவது நாட்டின் ஒரு கல்லூரி ஊர்தான் சந்திக்கவைத்தது.

இவ்வளவும் வரவு. செலவையும் எழுதியாக வேண்டும்.

2024 பிப்ரவரியில், ஷஃபான் மாதத்தில், எம் உம்மா மௌத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மகளுக்கு அன்று மூன்றாம் பகுதிப் படிப்பு நடந்துகொண்டிருந்தது. அவளால் ஊருக்குப் போக முடியவில்லை. உடனே புறப்பட்ட எமக்கும் ஜனாஸா கிடைக்கவில்லை. நாம் ஊர் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஓர் இரவு கடந்திருந்தது. மையவாடியில் ஈரம் காயாத மண்ணின் முன் நின்று துஆச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

உம்மாவின் அறையில் சுவரில் நாட்காட்டி தொங்கியது. எம் ராத்தா அதை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி, ஜூலை மாதத்தைக் காட்டினார். 6ஆம் தேதியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. பேத்தி திரும்பும் தேதி. “உம்மாதான் போடச் சொன்னாஹ. மாசம் பிறக்கிறப்பல்லாம் இன்னும் எத்தனை நாள்னு எண்ணச் சொல்லுவாஹ” என்றார் ராத்தா. பிறகு, எம்மைக் குறை சொல்லும் எண்ணமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: “உனக்குத்தான் வட்டம் போட முடியலே. நீ தேதி சொல்லலியே.”

வாசகர்களே, எம் மகளின் தாளில் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு நட்டம் நட்டம் என்று பேசிய நாம், எம் சொந்தக் கணக்கில் அந்த வரியை ஒரு நாளும் எழுதவில்லை. இரண்டு ஆண்டு என்று சொல்லி வந்தவர் இருபத்தெட்டு ஆண்டு தங்கிவிட்டோம். ஒவ்வோர் ஆண்டும் கடையை விட முடியவில்லை, பிள்ளைகளின் படிப்பு, கடன் என்று ஒரு காரணம் இருந்தது. எல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் கூடையில் இருந்தது என்ன? அன்று மகள் சொன்ன பாடம், உம்மாவின் நாட்காட்டியின் முன் நின்றபோதுதான் எமக்கு முழுதாக விளங்கிற்று. போவது குற்றமன்று, எம் வாப்பாவும் போனார். போவதற்காக எதை விட்டுப் போகிறோம் என்று எழுதிப் பாராமல் போவதுதான் குறை. எம் மகள் அதை எழுதிப் பார்த்துவிட்டுப் போனாள். நாம் பாராமல் போனோம்.

மகள் சொன்ன தேதியிலேயே, 2024 ஜூலை 6ஆம் நாள், திரும்பி வந்தாள். போகும்போது இருந்தவளாகத் திரும்பவில்லை. அது நாம் பயந்த வகையிலான மாற்றமும் அன்று. தொழுகையைத் தன் பொறுப்பாகப் பேணப் பழகியிருந்தாள். சிறு தொகையையும் எண்ணிச் செலவழிக்கப் பழகியிருந்தாள். துருக்கிப் பெண்ணொருத்தியும் மொராக்கோப் பெண்ணொருத்தியும் அவளுக்கு உயிர்த் தோழிகளாகியிருந்தார்கள். வந்த மறுவாரம் எம்மோடு காயல்பட்டினம் வந்து, தன் வாப்பும்மாவின் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். 2025இல் இரண்டாம் வகுப்பின் மேல்நிலையில் பட்டம் பெற்றாள். முதல் வகுப்பு இல்லையே என்று வருந்தினாள், எமக்கு வருத்தமில்லை.

இன்று இதே கேள்வி எதிர்ப்படும் பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது சிறிது. எல்லாப் பிள்ளைகளும் போகத்தான் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உள்ளூரிலேயே நன்றாகப் படித்து உயர்ந்தோர் எண்ணற்றோர். வசதியில்லாத இடத்தில் கடன்பட்டு அனுப்புவதும் அறிவுடைமை ஆகாது. ஆனால் பிள்ளை வந்து கேட்டால், தாளை எடுத்து எழுதுங்கள். செலவை எழுதுங்கள்; வரவை எழுதுங்கள்; கைவிடுவதை எழுதுங்கள். பிறகு தாளைத் திருப்பி, அதே வரிகளை மகனுக்கும் எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே வரிகள் இருந்தால் உங்கள் முடிவு, ஆம் என்றாலும் இல்லை என்றாலும், நியாயமான முடிவு. ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வரி கூடியிருந்தால், அது கணக்கன்று, பயம். பயத்தைப் பயமென்றே பிள்ளையிடம் சொல்லுங்கள். அதற்கும் அவர்களிடம் பதில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

அந்தத் தாள் இன்றும் எம் கடையின் கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது. இப்போதெல்லாம் ராத்தாவிடம் பேசி முடிக்கும்போது, அடுத்து ஊர் வரும் தேதியைச் சொல்லிவிட்டே தொலைபேசியை வைக்கிறோம். அவர் அதை நாட்காட்டியில் வட்டமிட்டுக்கொள்கிறார்.